எண்ணெயும் அல்ல, அத்தியாவசியமும் அல்ல

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை சிரித்துவிட்டுக் கடந்து போகத்தக்கவை. ஒரு சில மட்டும் அப்படி விட்டுவிடக் கூடியவையாக இருப்பதில்லை. தவறான சொல் ஒன்று புழக்கத்தில் நிலைத்ததும், அதன் பின்னாலேயே தவறான எண்ணம் ஒன்றும் வந்து குடியேறிவிடுகிறது. ‘எஸென்ஷியல் ஆயில்’ என்பதற்குத் தமிழில் இன்று பரவலாக எழுதப்படும் ‘அத்தியாவசிய எண்ணெய்’ அவ்வகையைச் சேர்ந்தது என்பது நமது கருத்து. அழகுக் குறிப்புகள், உடல்நலக் கட்டுரைகள், விற்பனைக்கு வரும் சின்னஞ்சிறு குப்பிகளின் விவரங்கள் என எங்கு பார்த்தாலும் லாவெண்டர் அத்தியாவசிய எண்ணெய், எலுமிச்சை அத்தியாவசிய எண்ணெய் என்று இந்தத் தொடர் தட்டுப்படுகிறது. தமிழ் வாசகருக்கு ‘அத்தியாவசியம்’ என்றதும் நினைவுக்கு வருவது நியாயவிலைக் கடை வரிசையும் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டமும்தான். அரிசிக்கும் பருப்புக்கும் உரிய அந்த அடைமொழியைப் பத்து மில்லி லாவெண்டர் எப்படிப் பெற்றது?

ஆங்கிலத் தொடரில் உள்ள ‘எஸென்ஷியல்’, இன்றியமையாதது என்ற பொருளில் அங்கே வரவில்லை. ‘எஸென்ஸ்’, அதாவது சாரம் என்பதிலிருந்து அது பிறந்தது. ஐரோப்பிய ரசவாதிகள் மண், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்களுக்கு அப்பால் ஐந்தாவதாக ஒரு நுண்பொருள் உண்டென்று நம்பினார்கள். லத்தீனில் அதற்குக் ‘குயின்டா எஸென்ஷியா’, ஐந்தாம் சாரம், என்று பெயர். 16ஆம் நூற்றாண்டின் சுவிஸ் மருத்துவரான பாராசெல்சஸ், மருந்துப் பொருளின் ஆற்றல் முழுவதும் இந்தச் சாரத்தில் ஒடுங்கியிருப்பதாகக் கருதினார். தாவரத்தை வாலையில் இட்டுக் காய்ச்சி வடித்தால் அந்தச் சாரம் கைக்கு வரும் என்ற நம்பிக்கையின் எச்சமே இன்றைய ஆங்கிலப் பெயர். ஐம்பூதங்களையும் முதலிலேயே எண்ணி வைத்திருந்த நமக்கு அந்த ஐந்தாவதைத் தேடி அலையும் தேவை நேரவில்லை என்பது வேறு விஷயம். ஆக, மூலத்தில் ‘சாரம்’ என்று இருந்தது தமிழுக்கு வரும் வழியில் ‘தேவை’ என்று ஆகிவிட்டது.

இரண்டாவது சொல்லான ‘எண்ணெய்’யும் ஆராயத்தக்கதே. எள்ளின் நெய் எண்ணெய். ‘தைலம்’ என்ற வடசொல்லும் எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்பதிலிருந்தே வந்தது. இந்த வாசனைப் பொருள்களிலோ நெய்ப்பு எதுவும் கிடையாது. ஒரு துளி நல்லெண்ணெயைக் காகிதத்தில் விட்டால் கறை நிலைத்துவிடும். யூகலிப்டஸ் தைலத்தின் துளியோ சற்று நேரத்தில் காற்றோடு போய்விடும். கொழுப்பு அமிலங்களுக்குப் பதிலாக, எளிதில் ஆவியாகும் டெர்ப்பீன் முதலான சிறு மூலக்கூறுகளால் ஆனவை இவை. பூச்சியை விரட்டவும், மகரந்தம் சுமக்கும் வண்டை அழைக்கவும், பூஞ்சையைத் தடுக்கவும் தாவரம் தன் தேவைக்காகச் செய்துகொண்ட பொருள்கள். நீரில் கரையாமல் பிரிந்து நிற்பதனால்தான் இவற்றுக்கு எண்ணெய் என்று பெயர் ஏற்பட்டது. இந்தப் பெயரை நாம் குறை சொல்லப் போவதில்லை. எள் இல்லாத மண்ணெண்ணெயையும் எண்ணெய் என்றுதான் அழைக்கிறோம். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றம் முழுவதும் முதற்சொல்லில்தான் இருக்கிறது.

அத்தியாவசியம் என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு இந்தத் தைலங்களைப் பார்த்தால், அவற்றின் உண்மையான பெருமை இன்னும் துலக்கமாகவே தெரிகிறது. முதலில் உழைப்பின் பெருமை. ஒரு கிலோ ரோஜாத் தைலம் வடிக்க ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கிலும் துருக்கியின் இஸ்பார்ட்டாவிலும் விடியற்காலையில், வெயில் ஏறுமுன் அவற்றைக் கையால் பறிக்கிறார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றுக்கு நெருப்பே வேண்டாம். தோலைப் பிழிந்தாலே போதும். மல்லிகையோ நீராவியின் சூட்டைத் தாங்காது. கரைப்பானில் ஊறவைத்து முதலில் மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுத்து, பிறகு அதைச் சாராயத்தில் கரைத்து ‘அப்சொல்யூட்’டாக்க வேண்டும். சத்தியமங்கலம், மதுரை வட்டாரத்து மல்லிகையும் பிச்சியும் இவ்வாறுதான் உலகின் வாசனைத் திரவியக்காரர்களைச் சென்றடைகின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, கூந்தலோடும் கோயிலோடும் நின்றுவிடும் பூ அல்ல.

நீலகிரியின் கதை இன்னும் சுவையானது. யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் தங்கள் விறகுத் தேவைக்காக அதை மலையில் கொண்டுவந்து நட்டார்கள். உதிர்ந்த இலைகளைத் திரட்டிச் சிறு கொட்டகைகளில் அண்டா வைத்துக் காய்ச்சித் தைலம் எடுக்கும் தொழில் அதையொட்டி வளர்ந்தது. இன்று வடஇந்தியாவில் அந்தத் தைலத்துக்கே ‘நீல்கிரி தேல்’ என்று பெயர். வேற்று நாட்டு மரம் ஒன்று நம் மலையின் பெயரைச் சூடிக்கொண்டு நாடெங்கும் உலவுகிறது. பெயர் என்பது எவ்வளவு வலுவான சரக்கு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்தது வாசனைக் கலை. வாசனைத் திரவியம் செய்பவர்கள் தைலங்களை அவை ஆவியாகும் வேகத்தைக் கொண்டு அடுக்குகிறார்கள். எலுமிச்சையும் பெர்கமாட்டும் முதலில் வந்து முதலில் விடைபெறும். ரோஜாவும் மல்லிகையும் இடையில் நிற்கும். சந்தனமும் வெட்டிவேரும் கடைசிவரை தங்கும். 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் யோஹான் மரியா ஃபரினா என்ற இத்தாலியர் ஆக்கிய ‘கொலோன் நீர்’, எலுமிச்சை வகைத் தைலங்களின் முதல் வீச்சை நம்பிப் பிறந்ததே. நம் நாட்டின் கன்னோஜில் இன்றும் பூக்களைத் தாமிர அண்டாவில் இட்டு, மூங்கில் குழாய் வழியாக வரும் ஆவியைச் சந்தனத் தைலம் உள்ள கலத்தில் இறக்கி அத்தர் எடுக்கிறார்கள். சூளையில் சுட்ட மண்ணைக் காய்ச்சி, முதல் மழையின் மண்வாசனையை அதே முறையில் சிறைப்பிடிக்கிறார்கள். சந்தனத்தின் விலை ஏறியதிலிருந்து அந்தக் கலங்களில் பலவற்றில் திரவ பாரஃபின் புகுந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்விடத்தில் ‘இயற்கை’ என்ற மற்றொரு பட்டத்தையும் கவனித்துக்கொள்வது நல்லது. 1868இல் வில்லியம் பெர்கின் கூமரினையும், 1874இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் வெனிலினையும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு உருவான வாசனைத் திரவியங்களில் பெரும்பாலானவை தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் பிறந்த பிள்ளைகள். உதகைக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான். இலையிலிருந்து வந்த மெத்தில் சாலிசிலேட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் மூலக்கூறு அளவில் ஒன்றே. செயற்கை மணங்களை ஏளனம் செய்பவர்கள், அவை இல்லாதிருந்தால் எஞ்சியிருக்கும் சந்தன மரங்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மல்லிகையின் மயக்கத்தில் பங்கு கொள்ளும் இண்டோல் என்ற பொருள் மலத்திலும் உண்டு. தூய்மை, இயற்கை, தெய்வீகம் என்று விளம்பரங்கள் அடுக்கும் சொற்களைவிட மணத்தின் உண்மை சிக்கலானது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சிக்கல்தானே சுவை?

மூன்றாவது நாக்கின் உலகம். நாம் ஒரு நாளில் எத்தனை முறை இந்தத் தைலங்களை அறியாமலே உட்கொள்கிறோம்! காலையில் பற்பசையின் புதினா, மாலையில் ஆரஞ்சு மிட்டாய், இடையில் ஏலக்காய் மணக்கும் பிஸ்கட். ‘ஏர்ல் கிரே’ தேநீரின் மணம் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் பழத்தோலின் தைலம். இலங்கைத் தமிழர் கறுவா என்றழைக்கும் மரத்தின் பட்டையை வடித்தால் சின்னமால்டிஹைடு மிகுந்த தைலம் வரும். அதே மரத்தின் இலையை வடித்தால் கிராம்பை நினைவூட்டும் யூஜெனால் மிகுந்த தைலம் வரும். ஒரே மரத்தின் இரண்டு பேச்சுகள். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது வெறும் கைவைத்தியம் என்று எண்ணுவோர் உண்டு. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகக் குழியை அடைக்கும் பசையில் துத்தநாக ஆக்சைடுடன் இந்த யூஜெனால்தான் குழைக்கப்படுகிறது. உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்துப் புதினா வயல்கள் உலகச் சந்தைக்கே மென்தால் அனுப்புகின்றன. அந்த மென்தாலைச் செயற்கையாக ஆக்க வழிவகுத்த வினைமுறைக்கான ஆய்வே ஜப்பானியரான ரியோஜி நொயோரிக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. உணவில் இவை சேரும் அளவு மட்டும் துளியிலும் துளி என்பதை மறக்கக்கூடாது. சுவை அந்த அளவில்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் அது சுவையும் அல்ல, சில வேளைகளில் நஞ்சு.

இனி, பட்டத்துக்கு முழு உரிமை கொண்டாடும் நறுமண சிகிச்சைக்கு வருவோம். ‘அரோமாதெரபி’ என்ற சொல்லுக்கு வாழ்வளித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோஸே. 1937இல் அதே தலைப்பில் நூல் வெளியிட்டார். ஆய்வுக்கூட விபத்தில் தீக்காயம் பட்ட கையை அருகிலிருந்த லாவெண்டர் தொட்டியில் அவர் தற்செயலாக அமிழ்த்த, காயம் அதிசயமாக ஆறியது என்றொரு கதை சலிக்காமல் சொல்லப்படுகிறது. அவர் தாமே எழுதியது அவ்வளவு நாடகத்தனமானது அல்ல. காயங்களில் அழுகல் தொடங்கிய பின்பு, வேண்டுமென்றே லாவெண்டர் சாரத்தால் கழுவியதாகவே அவர் குறிப்பிடுகிறார். ஒரு வேதியியலாளரின் சோதனை, வாய்மாறி வாய்மாறி அற்புதச் செயலாகிவிட்டது. தொன்மங்கள் உருவாகும் விதம் இலக்கிய வாசகருக்குப் புதிதல்ல.

சிகிச்சை என்ற உரிமையில் உண்மையே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. குடலில் சென்று கரையுமாறு உறையிட்ட பெப்பர்மின்ட் மாத்திரைகள், குடல் எரிச்சல் நோயின் துன்பத்தைக் குறைக்க உதவும் என்று அமெரிக்க இரைப்பை, குடல்நோய் மருத்துவர்களின் அமைப்பு 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. தேயிலை மரத் தைலம் முகப்பருவில் ஓரளவு பயன் தருவதாக ஆஸ்திரேலியாவில் 1990லேயே ஆய்வு வெளியானது. இவை அளவும் வடிவமும் வகுக்கப்பட்ட மருந்துகள். குப்பியை முகர்ந்தால் மனச்சோர்வு தீரும், நோய் எதிர்ப்பாற்றல் கூடும் என்பன போன்ற கூற்றுகளின் நிலை வேறு. மருந்து ஆய்வில் நோயாளிக்குத் தாம் உட்கொள்வது மருந்தா, வெற்று மாத்திரையா என்று தெரியாமல் வைப்பார்கள். மணத்தை எப்படி மறைப்பது? லாவெண்டரை முகர்பவருக்கு அது லாவெண்டர் என்று தெரிந்துவிடுகிறதே! இந்த இடரைத் தாண்டி உறுதியான முடிவு சொல்வது கடினம். மூக்கடைப்புக்கு மென்தால் முகரும்போது காற்று தாராளமாகச் செல்வதாக உணர்கிறோம். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை மென்தால் தூண்டுவதனால் வரும் உணர்வு அது. அந்த உணர்வு பொய்யானதல்ல; இரவில் உறங்கவைக்கும் ஆறுதல் அது. ஆறுதலை ஆறுதல் என்றே அழைப்பதில் நமக்கு என்ன தயக்கம்?

தயக்கத்தின் விலையைப் பலவேளைகளில் குழந்தைகள் கொடுக்க நேர்கிறது என்பதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வின்டர்கிரீன் தைலத்தில் ஏறத்தாழ 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கு மேல் விழுங்கியதற்கு அது சமம். சில மில்லி யூகலிப்டஸ் தைலமும், சிறிதளவு கற்பூரமும் சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். அமெரிக்காவில் மேற்பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு விதித்திருப்பது இதனால்தான். இங்கோ குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பில் தடவுவது அன்பின் அடையாளம். அந்த அன்பைக் குறைசொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆயினும் ‘இயற்கை’, ‘அத்தியாவசியம்’ என்ற இரு சொற்களும் சேர்ந்து அந்தக் குப்பியைக் குழந்தையின் கைக்கெட்டும் அலமாரியில் வைக்கத் துணிவூட்டுகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

விற்பவர்கள் இத்துணிவை நன்கு அறிந்தவர்கள். 2014இல் ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தங்கள் தைலங்கள் அதைத் தடுக்கும் என்று சொல்லி விற்றவர்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. ‘சிகிச்சைத் தரம்’ என்று குப்பிகளில் பொறித்திருப்பதும் விற்பனையாளர்களின் சொல்லே. அரசு அமைப்பு எதுவும் சோதித்துத் தரும் முத்திரை அல்ல. 2021இல் இந்தியாவில் தயாராகி அமெரிக்காவில் விற்ற நறுமணத் தெளிப்பான் ஒன்றில் மெலியாய்டோசிஸ் நோயின் கிருமி கலந்திருந்ததனால் நால்வர் நோயுற்றார்கள். ஒரு குழந்தை உட்பட இருவர் இறந்தார்கள். பிழை லாவெண்டருடையது அல்ல. குப்பிக்குள் புகுந்த கிருமியினுடையது. ஆனால் அறையில் தெளிக்கும் வாசனை நீரை ஐயுற வேண்டும் என்று அந்த வீடுகளில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

வெறும் பெயருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். சொல் மாறினால் விபத்து நின்றுவிடுமா என்றும் கேட்கலாம். நின்றுவிடாது. ஆனால் தமிழில் ‘எண்ணெய்’ என்றால் மனம் அடுக்களைக்குப் போகிறது. ‘தைலம்’ என்றால் மேலுக்குத் தடவுவது என்று நினைக்கிறது. அகராதி என்ன சொன்னாலும் புழக்கம் வகுத்த இந்த வேறுபாடு பயனுள்ளது. ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று படிப்பவர் ஒரு கரண்டி அருந்திப் பார்க்கலாமோ என்று எண்ணக்கூடும். ‘வாசனைத் தைலம்’ என்று படிப்பவருக்கு அந்த எண்ணம் எளிதில் வராது. ‘நறுமணத் தைலம்’ என்றும் சொல்லலாம், ‘சாரத் தைலம்’ என்றும் சொல்லலாம். இவற்றில் எது நிலைத்தாலும் நமக்கு மகிழ்ச்சியே. எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் இயந்திரம் தந்த சொல்லை அப்படியே ஏற்காமல் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தால் போதும்.

மணத்தைப் பேசுவதற்குச் சொல் இல்லாத மொழியா நம்முடையது? விரை, நறை, வெறி, கடி, கமழ்தல், நாறுதல் என்று பழந்தமிழ் வைத்திருந்த பட்டியல் நீண்டது. அவற்றில் வெறியும் கடியும் இன்று வேறு பொருளில் அலைகின்றன. மணத்தைக் குறித்த நாற்றம் துர்நாற்றமாகச் சுருங்கிவிட்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்காகப் பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை விரைகளும், 32 வகை ஓமாலிகைகளும் நீரில் ஊறுகின்றன. அங்கே அந்த மணம் எந்த நோயையும் தீர்ப்பதாக இளங்கோ சொல்லவில்லை. ஊடியிருந்தவனின் மனத்தை மாற்ற ஒருத்தி செய்துகொள்ளும் ஒப்பனை அது. மணம் மணமாக இருப்பதே போதும் என்ற தன்னம்பிக்கை அந்த வரிகளில் இருக்கிறது. இன்றைய குப்பிகளுக்கு அந்தத் தன்னம்பிக்கை இல்லை. மருந்துச் சீட்டின் துணை தேவைப்படுகிறது.

மணத்தின் மதிப்பை அறிய நமக்கு ஒரு பேரிடர் வேண்டியிருந்தது. 2020லும் 2021லும் கொரோனாத் தொற்றால் பலர் முகர்வுணர்வை இழந்தார்கள். உணவு சக்கையானது, குழந்தையின் தலைமணம் மறைந்தது, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது தெரியவில்லை. அவர்களில் பலருக்கு மருத்துவர்கள் சொன்னது முகர்வுப் பயிற்சி. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனைச் சேர்ந்த தாமஸ் ஹம்மலும் அவருடைய குழுவினரும் ஆய்ந்து வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்னும் நான்கு மணங்களை நாள்தோறும் இருமுறை, பன்னிரண்டு வாரங்கள், கவனத்தோடு முகர வேண்டும். எல்லோருக்கும் பலன் கிடைத்துவிடவில்லை. சிலருக்கு மெல்லத் திரும்பியது. இந்தத் தைலங்களிடம் நாம் கேட்கத்தக்க சிகிச்சை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று தோன்றுகிறது: அவை தங்கள் மணத்தைத் தருகின்றன, நாம் முகர்கிறோம். அதற்கு மேல் எந்தப் பட்டமும் அவற்றுக்கு வேண்டியதில்லை.